தோணிகளுக்குப் பீரங்கி இல்லை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்குப் பல்லியென்றால் பயம், ஊசியென்றால் பயம், பஸ்ஸில் "இறக்கம்!" என்று கத்துவதற்கும் பயம். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் வந்த பயத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமேயில்லை.

அன்றைக்குத்தான் ஜபார் சேர் என் விளையாட்டைச் சோதிக்கப் போகிறார்.

ஜபார் சேர் எங்கள் வரலாற்று ஆசிரியர். வெள்ளிக்கிழமை நடக்கும் பாடசாலைக் கண்காட்சியில் ஆறாம் தரத்துக்கு ஒரே ஒரு மேசைதான் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். பழைய காலத்துப் போட்டி ஒன்றை வைத்து, காய் நகர்த்தி விளையாடும் விளையாட்டு ஒன்றைச் செய்ய வேண்டும். நல்லதாக வருகிற விளையாட்டுக்கு அந்த மேசை.

"ரெண்டே ரெண்டு சட்டம்," என்றார் சேர். "அந்தக் காலத்துல இல்லாத ஒண்டும் உள்ளுக்கு வரப்படாது. ரெண்டு பக்கத்துக்கும் வெல்ல வழி இரிக்கணும். ஒண்டு பிழைச்சாலும் கழிச்சிடுவன்."

கழிக்கவும் செய்தார். புதன்கிழமை மின்ஹாஜின் விளையாட்டைப் பார்த்தார். மின்ஹாஜ் கண்டி ராசாவுக்கு ஒரு ஹெலிகொப்டர் கொடுத்திருந்தான்.

"இது எந்தப் புத்தகத்துல இரிக்கு?" என்று சேர் கேட்ட சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் என்னிடமும் ஒரு ஹெலிகொப்டர் இருந்தது. கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

என் விளையாட்டில் ஒரு பக்கம் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள். கற்பிட்டிக் கோட்டையும் இரண்டு பெரிய கப்பல்களும் அவர்களுக்கு. கப்பலில் பீரங்கி உண்டு, இரண்டு கட்டம் வரை சுடும். மறுபக்கம் புத்தளத்து வியாபாரிகள். அவர்களுக்கு ஆறு தோணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை பாக்கு. தாயக்கட்டையில் விழும் எண்ணுக்கு ஏற்பக் காய்கள் நகரும். தோணிகள், ஏரி போல நிலத்துக்குள் நுழைந்திருக்கும் கடலான களப்பு வழியாகப் போய், கோட்டையைத் தாண்டிக் கடலுக்குள் இறங்க வேண்டும். கண்டியின் வியாபாரத்தை மறிக்கத்தான் ஒல்லாந்தர் அங்கே கோட்டை வைத்திருந்தார்கள் என்று பாடத்தில் படித்திருந்தோம். கோட்டையையும் கப்பல்களையும் அடித்து முடித்தால்தான் வியாபாரிகளுக்கு வெற்றி என்று நான் எழுதியிருந்தேன்.

என் கூட்டாளி றஹ்மாதான் தோணிப் பக்கம் விளையாடினாள். பதினொரு தரம் விளையாடினோம். பதினொரு தரமும் அவள் தோற்றாள்.

"இனி எனக்கு ஏலாது," என்று அவள் எழும்பிவிட்டாள். "சுடுறது நீ, சாகிறது நான். இதுக்குப் பேர் விளையாட்டா?"

அவள் சொன்னது சரிதான். அதனால் அந்தத் திங்கட்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, நான் ஒரு வேலை செய்தேன். தீக்குச்சிகளுக்குக் கறுப்பு மை பூசி, ஒவ்வொரு தோணியிலும் ஒரு பீரங்கி ஒட்டினேன். மறுநாள் றஹ்மா மூன்று தரம் வென்றாள், நான் மூன்று தரம் வென்றேன். அவளுக்கு ஒரே சந்தோசம்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாக்குத் தோணியில் பீரங்கி இருந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். உம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சலும் இல்லையே," என்றார். பயத்துக்கு நெற்றி சுடாது என்று உம்மாவுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை இரண்டாம் பாடம். சேர் என் அட்டையை மேசையில் விரித்தார். வகுப்பே சுற்றி நின்றது. மின்ஹாஜ் முன்னாலேயே நின்றான்.

"நல்லா வரைஞ்சிருக்காய்," என்றார் சேர். பிறகு ஒரு தோணியைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இது என்ன புள்ள, கறுப்பா?"

'தோணியின் கம்பு சேர்' என்று சொல்லிவிடலாம். அவர் நம்பக்கூடும். றஹ்மா என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள், சொல்லு என்பது போல. எதைச் சொல்ல என்றுதான் எனக்கு விளங்கவில்லை. மின்ஹாஜைப் பார்த்தேன். நேற்று அவன் காது சிவந்து நின்றதும் நான் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"பீரங்கி, சேர்," என்றேன். குரல் எலிக்குஞ்சு போல வந்தது. "எந்தப் புத்தகத்துலயும் இல்ல. நான்தான் ஒட்டினன். இல்லாட்டி தோணிக்காரங்க வெல்ல மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நானே ஆறு தீக்குச்சிகளையும் பிடுங்கி எடுத்தேன்.

"இப்ப முதலாம் சட்டம் சரி," என்றார் சேர். "ரெண்டாம் சட்டம்? தோணிக்காரனுக்கு வழி எங்க?"

"தெரியா, சேர்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்து நிமிசம் தாறன். வழி இல்லாட்டி இதுவும் கழிச்சதுதான்."

பத்து நிமிடம்! எனக்குச் சப்பாத்து நூல் கட்டவே ஐந்து நிமிடம் ஆகும். அட்டையைப் பார்த்தேன். கண்ணில் நீர் நிறைந்து, நீலக் களப்பு இன்னும் நீலமாகத் தெரிந்தது. கோட்டையிலிருந்து புத்தளம் வரை ஒரே நீலம். பாடப் புத்தகத்துப் படத்தைப் பார்த்து அப்படியே தீட்டியிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. களப்பு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. என் வாப்பா அதில்தான் தினமும் இறால் பிடிக்கிறார். எத்தனை இடத்தில் அவர் இறங்கி, முழங்கால் தண்ணீரில் தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறார்! வீட்டுக்குப் பின்னால் இருக்கிற களப்பைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்த மடைச்சி உலகத்தில் நான் ஒருத்திதான்.

"றஹ்மா, மண்ணிறப் பென்சில் தா!"

கரையோரமெல்லாம் மண்ணிறம் தீட்டினேன். உப்புநீரில் வளரும் கண்டல் மரத் தீவுகளைச் சுற்றியும் தீட்டினேன். இடையில் இரண்டு இடத்தில் மட்டும் ஆழமான வாய்க்கால்களை நீலமாக விட்டேன். அவசரத்தில் கோடுகள் கோணலாக வந்தன. களப்பின் கரையும் கோணல்தானே.

"என்ன இது?" என்றார் சேர்.

"ஆழமில்லாத இடம், சேர். இதுக்குள்ள பெரிய கப்பல் வர ஏலாது, தரை தட்டும். தோணி வரலாம். ஆனா ஆள் இறங்கித் தள்ளணும், அதால ஒரு தரத்துக்கு ஒரு கட்டம்தான். வாய்க்கால் ரெண்டுலயும் கப்பல் காத்துக்கொண்டு நிக்கலாம்."

"தோணிக்காரன் கோட்டையப் பிடிப்பானா?"

"இல்ல, சேர். அவன் சண்டைக்கா வந்தான்? பாக்கு விக்க வந்தான். ஆறுல நாலு மூட்டை கடலுக்குப் போனா அவனுக்கு வெற்றி. போகாட்டி ஒல்லாந்தருக்கு வெற்றி."

சேர் கதிரையை இழுத்துப் போட்டுக் கப்பல் பக்கம் உட்கார்ந்தார். "றஹ்மா, நீ தோணி. வா."

றஹ்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொரு தரம் தோற்றவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. தாயக்கட்டை உருளும்போதெல்லாம் கண்ணை மூடினேன். முதல் தோணி போனது. இரண்டாவது சூடுபட்டது. மூன்றாவதும் நான்காவதும் தீவைச் சுற்றிப் பதுங்கிப் போயின. ஐந்தாவதைச் சேர் வாய்க்காலில் காத்திருந்து பிடித்தார். கடைசித் தோணி கடலுக்கு ஒரு கட்டம் இருக்கும்போது கோட்டைக்கு முன்னால் சூடுபட்டது.

மூன்று மூட்டை. றஹ்மா தோற்றுவிட்டாள்.

மணி அடித்தது. எல்லாம் முடிந்தது என்று நான் அட்டையைச் சுருட்டப் போனேன்.

றஹ்மா என் கையில் ஒரு அடி வைத்தாள். "எங்க கொண்டு போறாய்? இன்னொரு தரம்! ஒரு மூட்டைதானே குறைஞ்சது. எனக்கு இப்ப வழி தெரியும்."

"மணி அடிச்சிட்டு," என்றார் சேர்.

"அடிக்கட்டும், சேர்."

இந்த முறை அவள் இரண்டு தோணிகளை ஒரே வாய்க்காலுக்கு அனுப்பிக் கப்பல்களை அங்கே இழுத்தாள். மற்ற நான்கும் மறுகரையோரமாக அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கடலுக்குள் இறங்கின. வகுப்பு கூரை அதிரக் கத்தியது. மின்ஹாஜ் கதிரையில் ஏறி நின்று கத்தினான்.

சேரின் முகம் சிவந்திருந்தது. கோபமா என்று எனக்கு மறுபடி பயம் வந்தது. அடுத்த பாடத்துக்கு வந்த நஃபீஸா டீச்சர் வாசலில் நின்று கனைத்தார். சேர் திரும்பவில்லை.

"பக்கம் மாத்துவம்," என்றார், தோணிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "இப்ப நான் தோணி. ருஷ்தா, நீ கப்பல்."

நான் உட்கார்ந்தேன். மேசையைப் பற்றிக் கேட்க வாய் திறந்து, பயத்தில் மூடிக்கொண்டேன்.

சேர் தாயக்கட்டையைக் கைக்குள் குலுக்கினார். "நாளைக்கு வாசலுக்கு நேரே இரிக்கிற பெரிய மேசைய எடுங்க புள்ள," என்றார். "ஆக்கள் சுத்தி நிக்க இடம் வேணும்."