கொடியில் காய்ந்த சாட்சி

காலை ஒன்பது மணி. பைன் மரத்தடியில் ஜெனரல் சுருண்டு கிடந்தான். வாயோரம் நுரை, பக்கத்தில் அவன் கக்கிய பச்சை ஊசி இலைகள்.

ஜெனரல் ஒரு நாய். முந்தின நாள்தான் நாய்க் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியவன். அவனை வளர்த்த நகைக்கடைக்காரர் அவனைக் கால்நடை மருத்துவரிடம் சேர்த்துவிட்டு நேரே காவல் நிலையத்துக்கு ஓடினார். பொது முற்றத்தில் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் நட்ட மரம் தன் நாய்க்கு விஷம் வைத்துவிட்டதாகப் புகார். மரம் அறுக்கும் ஆளையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

"மரத்துக்கு விலங்கு மாட்டிக் கூட்டிட்டு வாங்க மேடம்" என்று ஸ்டேஷனில் சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்னக் கேஸ் என்று அவளுக்கு எதுவும் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அவள் முற்றத்துக்கு வந்தபோது டிரைவர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "புள்ள மாதிரி வளர்த்தேன் மேடம். எறும்புக்குக்கூட கெடுதல் பண்ணாது."

"பின்ன அவன் வயித்துக்குள்ள இலை எப்படிப் போச்சு?" நகைக்கடைக்காரர் எகிறினார்.

அவள் குனிந்து பார்த்தாள். இலைகள் முழுசாக, நிறம்கூட மாறாமல் இருந்தன. நிமிர்ந்தபோது நகைக்கடைக்காரர் வீட்டுக் கொடியில் ஒரு தரைவிரிப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"இதை எப்ப அலசினீங்க?"

நகைக்கடைக்காரரின் மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "விடியறப்போ. ஜெனரல் கக்கிட்டான். சொன்னா இவர் குதிப்பாரேன்னு சத்தமில்லாம அலசிட்டேன்."

"அதுல இலை இருந்துச்சா?"

"இல்லைங்க. கறுப்பா, உப்பலா ஏதோ. பூச்சின்னு நெனச்சேன்."

"அதுக்கு முன்னாடி அவன் வெளிய வந்தானா?"

"ராத்திரி பூட்டின கதவு. அவன் கக்கறவரைக்கும் திறக்கவே இல்ல."

வீட்டுக்குள் மேஜை மேல் பதக்கம். பக்கத்தில் காலியான கேக் டப்பா.

"யார் சாப்பிட்டது?"

"பாதி நாங்க, பாதி அவன்." நகைக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஜெயிச்சவனுக்குக் கொடுக்காம? உலர் திராட்சை நிறையப் போடச் சொல்லி வாங்கினேன்!"

அவள் உடனே மருத்துவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"உலர் திராட்சையா? நாய்க்கு ஆகவே ஆகாது மேடம், கிட்னியைக் கெடுத்துடும்! இப்பவே டிரிப்ஸ் ஏத்தறேன்."

"பைன் இலை?"

"விஷமில்ல. நிறைய தின்னா வயித்தைக் குத்தும், வாந்தி வரும். இப்படிச் சுருண்டு விழ வைக்காது."

அவள் திரும்பினாள். "குற்றவாளி நீங்கதான் சார். வயிறு சரியில்லாத நாய் பச்சையைத் தேடிக் கடிக்கும். உங்க பையன் இந்த மரத்தடிக்கு வைத்தியத்துக்குத்தான் வந்தான். எல்லாரும் அவன் ரெண்டாவதா கக்கினதைப் பாத்தீங்க. முதல்ல கக்கினது பூச்சி இல்ல, ஊறின திராட்சை. அதை அலசின விரிப்பு கொடியில காயுது."

நகைக்கடைக்காரர் மரம் அறுக்க வந்த ஆளைப் போகச் சொல்லிக் கைகாட்டினார். ரம்பம் பைக்குள் போனது. சிரித்த ஸ்டேஷனுக்கு அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

அடுத்த வாரம் ரோந்தில் அந்தப் பக்கம் போனாள். ஜெனரல் மெலிந்திருந்தான், பதக்கம் கழுத்தில் ஆடியது. நேரே மரத்திடம் போய் ஒரு காலைத் தூக்கினான். நகைக்கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

டிரைவர் மீசையை முறுக்கிக்கொண்டு தடுத்தார். "விடுங்க சார். ஜெனரலே சல்யூட் வைக்கிறார், வேற யார் மரத்துக்கு இந்த மரியாதை?"