யாராவது எழுதுறீங்களா?

நவம்பர் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்; காற்றில்லாத சிறு மழை. காலையில் அவள் அழித்த பூட்டுக் கோப்பு மறுபடியும் அங்கே இருந்தது.

லிஃப்டுகளை இயக்கும் நிரலின் எல்லாப் பதிப்புகளையும் அந்த நான்காம் மாடி அலுவலகம் ஒரே பொது டிரைவில் வைத்திருந்தது. ஒருவர் எழுதத் தொடங்கினால் பூட்டுக் கோப்பு தோன்றும், முடித்தால் மறையும். மறையாமல் நின்றுவிட்டால், "யாராவது எழுதுறீங்களா?" என்று உரக்கக் கேட்டு, பதில் வராத பிறகே அழிக்க வேண்டும்.

காலையில் அவள் கேட்கவில்லை.

மேல்தள இயந்திர அறையிலிருந்து அப்போது எழுதிக்கொண்டிருந்தவன், லிஃப்ட் பொருத்துநன். அவனுடைய மாற்றங்களில் பாதியே சேர்ந்திருந்தன: 'கூண்டு வந்து நிற்காமல் கதவைத் திறக்காதே' என்ற பழைய கட்டளை நீங்கியிருந்தது, அதற்கு ஈடான புதியது வந்து சேரவில்லை. அந்தப் பதிப்பைத்தான் இந்தக் கட்டடத்து லிஃப்டிலேயே ஏற்றிச் சோதிக்கப் போயிருந்தான்.

"ஃபோன் எடுக்க மாட்டேங்கிறான்."

"உங்க 'ரெண்டு நிமிஷம்' தானேக்கா?" பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள். "அவன் ரெண்டு நிமிஷம்னா நமக்கு ரெண்டு யுகம். சாப்பிடக்கூட வரல."

கையொப்பம் இல்லாமல் எந்தப் பதிப்பையும் அவன் நீக்க மாட்டான். 'இப்பதிப்பு நிறுத்தப்படுகிறது, லிஃப்டை இயக்கலாகாது' என்று அடித்து, அச்செடுத்து, கையொப்பமிட்டாள். பிறகு பூட்டுக் கோப்பைத் திறந்தாள். அவன் பெயர். நேரம், இந்த நிமிடம்.

இம்முறை கேட்டாள். "யாராவது எழுதுறீங்களா?"

நடைக்கூடத்தின் கோடியிலிருந்து, சுவருக்குள் அடைபட்டதுபோல், பதில் வந்தது. "நான்தான்க்கா. ரெண்டே நிமிஷம்."

வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"யாரும் பதில் சொல்லலையே," என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. "அழிச்சிடுங்க."

கிரீஸும் நனைந்த இரும்பும் கலந்த வாடை, கையொப்பமிட்ட தாளோடு அவள் நடக்க நடக்க அடர்ந்து, லிஃப்டின் முன்னே நாக்கில் உப்பாகப் படிந்தது. எங்கோ கம்பிவடம் ஒன்று, பாரம் இறங்கிய பின்னும் ஓயாத ஊஞ்சல்போல், மெல்ல முனகிக்கொண்டிருந்தது. கதவு தானே திறந்தது. உள்ளே விளக்கில்லை.

நின்றிருந்தான். கையை நீட்டினான்.

"குடுங்கக்கா."

நீட்டினாள். அப்போதுதான் கீழே பார்த்தாள். ஒரு காலில் மட்டும் ஷூ. அதன் கீழே தரையில்லை. கூண்டில்லை. இருட்டு. அடியாழத்தில், கூண்டின் கூரைமேல், திறந்து கிடந்த மடிக்கணினியின் வெளிச்சம். அதன் அருகில் மற்றொரு ஷூ. அதற்குள் கால்.

தாளை விடாமல் பிடிக்க விரல்களை அவளால் மூட முடியவில்லை.

வாங்கிக்கொண்டான்.