இடப்பக்கம் இழுத்த வண்டி

"என் வண்டி இடப்பக்கம் இழுக்காதுக்கா. அதை நீங்கதான் நிரூபிச்சுக் கொடுக்கணும்." உட்காரச் சொல்லியும் மாரிச்செல்வி உட்காரவில்லை.

விபத்து வண்டிகளைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது ராமநாதபுரத்து உமாமகேஸ்வரியின் தொழில். அவர் டீயை நிதானமாக ஆற்றினார். உதவியாளர் அருள்முருகன் அதற்குள் பைக் சாவியை எடுத்துவிட்டார்.

மாரிச்செல்வி கட்டியது பறக்கும் வண்டி. மூன்று சக்கரம், இரண்டு இருக்கை, பின்னால் எஞ்சினும் விசிறியும். மேலே ஒரே போல்ட்டில் முக்கோணச் சிறகு. ஆகாயத்தில் அதற்குச் சுக்கான் கிடையாது. சிறகின் கம்பியைப் பிடித்துத் தள்ளினால் கீழே தொங்கும் எடை நகரும். எடை போன பக்கம் சிறகு சாயும், வண்டி திரும்பும். தரையில் முன்சக்கரத்தைக் காலால் தள்ளித் திருப்ப வேண்டும். கீழக்கரைக்கு வடக்கே மாமா வீரையாவின் தரவையில், அந்த வெட்டவெளித் தரிசிலிருந்த கொட்டகையில் நிறுத்தியிருந்தாள். அவள் ஊரில் இல்லாத நேற்றுப் பகலில் அது வெளியே ஓடி, கருவேல முள்ளில் சிறகைக் கிழித்துக்கொண்டு நின்றது.

"கச்சான் காத்து தள்ளிருச்சாம். தானா இடப்பக்கம் இழுக்குற வண்டி தரவையில நிக்கக் கூடாதுங்கிறாரு மாமா. வேற இடத்துக்கு நான் எங்க போவேன்?"

தரவையில் வீரையா காத்திருந்தார். கொட்டகைச் சாவியைத் தொடக்கூடிய இருவரும் அங்கே நின்றார்கள். ஒருவன் அவருடைய மகன் அய்யப்பன். நயினார்கோவில் வயல்களில் டிராக்டர் ஓட்டுகிறவன். மற்றவன் மாரீஸ்வரன், இந்த வண்டிக்கு எஞ்சின் பூட்டிய படகு மெக்கானிக்.

"அத்தை மக கட்டுன வண்டி முள்ளுக்குத்தான் போகும்," என்றான் அய்யப்பன்.

"உன் டிராக்டர் மட்டும் பொண்ணு பாக்கவா போகுது?" என்றாள் மாரிச்செல்வி.

உமாமகேஸ்வரி சக்கரத் தடத்தைப் பார்த்தபடி நடந்தார். "கச்சான் தென்மேற்குல இருந்து அடிக்குது. வண்டியும் தென்மேற்கேதான் போயிருக்கு. காத்து எதையும் தன் பக்கம் இழுக்காது."

மாரிச்செல்வி பார்த்தாள். தடம் நேராகப் போய், முள்ளுக்கு முன்னால் இடப்பக்கம் வளைந்திருந்தது. வலப்பக்கம் முழுக்க வெட்டவெளி. வளைவு தொடங்கும் இடத்தில் காய்ந்த ஆட்டுப்புழுக்கைகள் பின்னோக்கி வாரியடித்துக் கிடந்தன.

"விசிறி இங்கதான் வேகமெடுத்திருக்கு," என்றார் அருள்முருகன். "அப்ப ஆள் உள்ள இருந்திருக்கான்."

சிறகைக் கழற்றியதும் உமாமகேஸ்வரி மாரீஸ்வரனை இருக்கையில் ஏறச் சொன்னார். "இடப்பக்கம் முள்ளு. திருப்புங்க." அவன் இடது காலைத் தள்ளினான். முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியது. "நான்தானக்கா எஞ்சினைப் பூட்டுனேன், எனக்குத் தெரியாதா?"

அடுத்து அய்யப்பன் சிரித்துக்கொண்டே ஏறினான். "ஆடு, இடப்பக்கம் ஆடு," என்று அருள்முருகன் திடீரெனக் கத்தினார். அய்யப்பனின் வலது கால் ஓங்கி மிதித்தது. முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பியது.



"டிராக்டர்ல வலது பிரேக்கை மிதிச்சா வலது சக்கரம் மட்டும் நிக்கும், வண்டி வலப்பக்கம் சுத்தும்," என்றார் உமாமகேஸ்வரி. "வரப்போரம் திருப்புற காலுக்கு அதுதான் பழக்கம். இங்க கால் முன்சக்கரக் கவட்டையை நேரா தள்ளுது. வலது காலைத் தள்ளினா சக்கரம் இடப்பக்கம் போகும். போதாததுக்கு அந்தக் காலுக்கடியில இருக்கிறது பிரேக் இல்ல, ஆக்சிலேட்டர். பயந்து மிதிக்க மிதிக்க இன்னும் வேகம், இன்னும் இடப்பக்கம்."

அய்யப்பன் இறங்கினான். "சும்மா ஓட்டிப் பாப்பமேன்னுதான்..."

வீரையா மகனைப் பார்க்கவில்லை. "சரி, நடந்தது நடந்துபோச்சு. செல்வி, காலால திருப்புறதை டிராக்டர் மாதிரி மாத்தி வச்சிரு. அப்புறம் தரவையில வச்சுக்க."

"மாத்த மாட்டேன் மாமா. மாத்தணும்னா நடுவுல கம்பி கோக்கணும். எடை கூடும், கழண்டு விழ ஒரு இடமும் கூடும். கேக்காம ஏறுனவனுக்காக என் வண்டியை நான் கெடுக்க மாட்டேன்."

"அப்ப தரவை கிடையாது."

"பின்சீட்டுல ஏறுங்க. அப்புறம் சொல்லுங்க."

வீம்புக்கு ஏறினார். எஞ்சின் உறுமியது. நேற்றைய தடத்தின் மேலேயே ஓட்டினாள். வளைவு வந்ததும் இடது காலை மெல்லத் தள்ளினாள். முள் இடப்பக்கமாக விலகிப் போனது. வண்டி வெட்டவெளியில் ஒரு பெரிய வட்டமடித்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது.

எஞ்சினை அணைத்தாள். வீரையா இறங்கவில்லை.

"ஏலே அய்யப்பா," என்றார் உட்கார்ந்தபடியே. "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? அரிவாளை எடுத்துட்டு வந்து அந்த முள்ளை வெட்டு. பிள்ளை பறக்கணும்ல."