பெயரொலிப்பான் நின்ற நாள்

காலை ஜெபம் முடிந்ததும் டாக்டர் எமரென்சியா பெயரொலிப்பானை நிறுத்தினாள்.

ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சீழ்க்கை உண்டு. அதுதான் அதன் பெயர். அதைக் கடலுக்கடியில் ஊதி, வேண்டிய ஓங்கிலை வரவழைக்கும் இந்தக் கருவி வந்தபின் மன்னார் வளைகுடாவில் மருத்துவம் எளிதாகிவிட்டது. அழைத்தால் அவை மிதவை மேடையருகே வரும். ஊசி போட்டுக்கொள்ளும். மீன் வாங்கித் தின்றுவிட்டுப் போகும்.

இப்போது வந்திருப்பது புது நோய். நாக்கில் கடுகளவாய்த் தொடங்கும் கழலை வளர்ந்து தொண்டையை அடைத்துவிடும். எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. உரசினாலே ஒட்டிக்கொள்ளும் என்பது நேற்றுத்தான் உறுதியானது. நோயுற்றவையும் நலமானவையும் உரசிக்கொண்டது அவள் கூட்டிய இந்த மேடையருகேதான். இனி அழைக்காமலிருந்தால் கூட்டம் கலையும், மிச்சமிருப்பவையாவது பிழைக்கும். அவளுக்கிருந்த ஒரே நம்பிக்கை அது.

மதியம்வரை கடல் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு ராக்கினி வந்தது. படகோட்டி கஸ்பார் பெயர் வைத்த தாய் ஓங்கில். முதுகில் குட்டியைத் தாங்கி, மூச்சுவிட மேலே தூக்கித் தூக்கிப் பிடித்தது. கழலை அடைத்த குட்டியின் வாய் மூடவில்லை.

கடலடி ஒலிகளைப் பிடிக்கும் கேட்பொறியில் சீழ்க்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றுக்குரிய பெயர்கள் திரையில் ஓடின. கஸ்பார் எட்டிப் பார்த்தார்.

“மத்ததுவள பேர் சொல்லிக் கூப்புடுது டாக்டரம்மா. நம்ம மிசினு மாதிரியே.”

“அத நிறுத்தணுமே அண்ணே.”

“மிசின நிறுத்தலாம். தாய எப்படி நிறுத்துவிய?”

நாலாபுறமும் ஓங்கில்களின் முதுகுத் துடுப்புகள் தெரிந்தன. நலமானவையும் வந்தன. முறை வைத்துக் குட்டியின் அடியில் புகுந்து தாங்கின, தோலோடு தோல் உரச.

எமரென்சியா பெயரொலிப்பானைப் படகிலேற்றி, தூரக் கொண்டுபோய் நலமானவற்றை மட்டும் அழைக்கச் சொன்னாள். கஸ்பார் போனார். அவற்றின் பெயர்கள் கடலில் திரும்பத் திரும்ப ஒலித்தன. எந்த நாளும் அழைப்பைத் தட்டாதவை, இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தவிக்கும் உயிரை விட்டு நகராத மனம், ஞாயிறுதோறும் கோயிலில் மண்டியிட்டு அவள் தனக்காகக் கேட்ட மனம் அது. அந்த மனமே இவற்றைக் கொல்லப்போகிறது.

கஸ்பார் திரும்பி வந்தபோது அவள் மேடையின் படியில் நின்றிருந்தாள்.

“இறங்காதிய. மனுசனுக்கும் ஒட்டுமோ என்னமோ.”

“தெரியல அண்ணே. குட்டி மூச்சுக்குத் தவிக்குது.”

அவள் தண்ணீரில் இறங்கிக் குட்டியின் அடியில் கைகொடுத்தாள். பக்கத்திலிருந்த ஓங்கில் சற்று விலகி அவளுக்கு இடம் விட்டது.