மூன்று படி கூடுதலாக

தையல்காரரின் அளவுநாடா இதுவரை பொய் சொன்னதில்லை. காலையில் படகின் முனைக் கம்பியிலிருந்து தண்ணீர் வரை அளந்தபோது நூற்றைம்பது சென்டிமீட்டர் இருந்தது. இப்போது ஏணி வாங்கி வந்து, மாட்டுவதற்கு முன் எதற்கும் இன்னொரு தடவை என்று அளந்தால் நூற்று நாற்பத்திரண்டு. எட்டு சென்டிமீட்டரை யார் விழுங்கியது? கடல் ஏறினாலும் இறங்கினாலும் படகும் கூடவே மிதக்கும். அந்த அளவு மாற வழியே இல்லை. ‘கண்ணு அவிஞ்சு போச்சு போல’ என்று தன்னையே திட்டிக்கொண்டு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஆசைப்பட்டு வாங்கிய பழைய பாய்மரப் படகு அது. முனை படகுத்துறையைப் பார்த்தபடி, பின்பக்கம் நடுத்தண்ணீரில் மிதவையோடு கட்டி நிற்கும். ஏற, இறங்க, எல்லாவற்றுக்கும் முன்பக்கம் ஒன்றுதான் வழி. அவருக்கு அது ஒரு தாவல். மூட்டு மாற்றி நாலே மாதம் ஆன மனைவிக்கு மலை. போன தடவை அவள் கால் வழுக்கிக் கம்பியிலேயே தொங்கிவிட்டாள். இன்று காலை துறை ஆட்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

“அரிசி மூட்டை மாதிரி தூக்குறாங்க, மானம் போகுது. ஏணி வந்தாத்தான் நான் கீழ இறங்குவேன், சொல்லிட்டேன்!” என்று அறிவித்துவிட்டு முன்னறைப் படுக்கையில் காலை நீட்டிவிட்டாள்.

துறை ஆட்கள் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டார்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி வேறு இறங்கியிருந்தது. அவளை அங்கிருந்து இறக்க இனி இந்த ஏணியை விட்டால் வேறு கதி இல்லை.

கடைக்காரர் இரண்டு ஏணி எடுத்துப் போட்டிருந்தார். ஒன்று நாலு படி, துறைப் பலகை மட்டத்தோடு நின்றுவிடும். இன்னொன்று ஏழு படி.

“அண்ணே, உங்களுக்கு நாலு படியே தாராளம்” என்றார் கடைக்காரர்.

“நாங்க எதையும் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவோம். பிடிச்சுத் தைக்கலாம், இல்லாத துணியை இழுக்க முடியுமா? ஏழு படியையே குடுங்க. மூணு தண்ணிக்குள்ள கிடக்கட்டும்.”

“தண்ணிக்குள்ள எதுக்குண்ணே? குளிக்கவா போறீங்க?”

“யாராவது தவறி விழுந்துட்டா ஏறி வரணும்ல?”

கடைக்காரர் சிரிக்கவில்லை. படகு எங்கே நிற்கிறது என்று கேட்டார். துறையின் கடைசி இடம் என்றதும் நாலு படி ஏணியைத் தையல்காரர் பக்கமாகத் தள்ளி, “இதையே எடுத்துக்கோங்களேன்” என்றார். முப்பது வருடம் அளவெடுத்தவருக்கு யாரோ அளவு சொல்லிக் கொடுப்பதா? வீம்பாக நீளமானதையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கொக்கிகள் கம்பியில் கச்சிதமாக உட்கார்ந்தன. பலகைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் ஏணி நேராக இறங்கியது. நாலு படி வெளியே, மூன்று படி கறுத்த தண்ணீருக்குள். கயிறுகள் முனகுவதும், எங்கோ ஒரு பாய்மரத்தில் கம்பி மோதும் ‘ணங்... ணங்’ சத்தமும் பனிக்குள் அமுங்கி வந்தன. அவற்றோடு ஒரு வாடை. வாரக்கணக்கில் ஈரத்தோடு மூட்டைகட்டிப் போட்ட கம்பளித் துணியைப் பிரித்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. அது தண்ணீரிலிருந்துதான் வந்தது.

மனசு கேட்காமல் மறுபடியும் அளந்தார்.

நூற்று முப்பது.

“ஏய், உள்ள எதையாவது நகத்தி வைக்கிறியா? முன்பக்கம் இறங்குதே!”

“எந்திரிக்கவே வக்கில்லாம கிடக்கேன், நான் எதை நகத்த? நீங்க ஏணியை மாட்டுனீங்களா இல்லையா?” அவள் குரல் படுக்கைக்கு நேர் மேலே திறந்திருந்த மேல்தள ஜன்னல் வழியாக வந்தது.

“மாட்டிட்டேன், மாட்டிட்டேன். இரு.”

நாடாவை எடுக்காமல் பிடித்தபடியே நின்றார். நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் விரலுக்குப் பக்கத்தில் எண் நகர்ந்தது. நூற்று இருபத்தெட்டு. இருபத்தைந்து. படகின் முனை மெதுவாக, நிதானமாகக் கீழே வந்தது. கனமான ஒன்று அதைப் பிடித்துத் தொங்கினால்தான் அப்படி வரும். பனிதான் கண்ணை ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டார். சொன்னதை அவரே நம்பவில்லை.

ஏணியில் மேலிருந்து நாலாம் படியில் தண்ணீர் சொட்டியது.

சற்று முன் அது காய்ந்திருந்தது. நிச்சயமாகக் காய்ந்திருந்தது.

பிறகு மூன்றாம் படியில் சொட்டியது. இரண்டாம் படி. படிகளில் யாரும் இல்லை. கொக்கிகள் மட்டும் கிறீச்சிட்டன. மேல் படி. முனைக் கம்பி ஒரு தடவை நடுங்கியது.

சட்டென்று படகின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. நாடா கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

“அப்பாடா, ஏறிட்டீங்களா?” என்றாள் மனைவி. “அதென்ன என் தலைக்கு மேலயே தொம் தொம்முன்னு நடக்குறீங்க?”

அவர் பலகையில் நின்றுகொண்டிருந்தார்.

கத்த வாயைத் திறந்தார். காலடிச் சத்தம் பின்பக்கம் போயிற்று. கதவு தள்ளப்பட்டது. உள்ளே படிகளில் இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

“விளக்கைப் போட்டுட்டு வாங்களேன், ஒண்ணும் தெரியல. என்ன இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? விழுந்துட்டீங்களா? ஐயோ, வாடை!”

“நான் இல்லடி!” என்று அவருக்கு ஒருவழியாகக் குரல் கிளம்பியது. பாய்ந்து ஏணியைப் பிடித்தார். படியெல்லாம் வழவழத்தது. முழங்காலில் அடிபட்டது. ஏறினார். மேல்தள ஜன்னலின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தார். திறந்திருந்த ஜன்னல்தான் அது. இப்போது உள்ளிருந்து தாழிட்டிருந்தது.

“சரி சரி, கையைக் குடுங்க. மெல்ல எந்திரிச்சுக்கிறேன்” என்றது கண்ணாடிக்கு அடியில் அவள் குரல்.

அவர் பனியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார்.

மங்கிய வெளிச்சத்தில் அவள் படுக்கையில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டு அண்ணாந்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பார்வையை அவரிடமிருந்து எடுக்காமலேயே, இருட்டில் எதையோ பிடித்திருந்த தன் வலது கையை அவள் இழுத்தாள்.

அது விடவில்லை.