வரிசையின் கடைசி ஆள்

காடு பார்க்க விருந்தினர் வருவதற்கு முந்தைய மாலையில், அவர்கள் நடக்கப்போகும் வழி முழுவதையும் தானே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது யோத்தாமுவின் வழக்கம். லுவாங்குவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வழிகாட்டியான நாள்முதல் அவர் அதைத் தவறவிட்டதில்லை. முன்னே துப்பாக்கியுடன் காவலர் கஃபுலா. பின்னே, காற்றின் திசையறியச் சாம்பல் பையை உதறியபடி யோத்தாமு. அன்றும் உதறினார். சாம்பல் ஆற்றை நோக்கிப் பறந்தது. காற்றோ ஆற்றிலிருந்து அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

மழை ஓய்ந்த பருவம். புல் ஆளுயரம் நின்றது. சேற்றின் வாடையோடு நீர்யானைச் சாணத்தின் புளித்த நெடியும் கலந்து வந்தது. நீர்யானை தன் சாணத்தை வாலால் சிதறடிப்பது, 'நான் மீன் தின்னவில்லை, முள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்' எனக் கடவுளுக்குக் காட்டத்தான் என்பார்கள் அவ்வூரார். மனிதருக்கு அந்த நேர்மை வாய்க்கவில்லை.

"என்ன மச்சான், புல்லு நடுங்குது? ஆனை வர்ற சத்தம் கேட்டுச்சா?" என்றார் கஃபுலா, திரும்பாமலே.

கஃபுலா யானைக் குலம். யோத்தாமு புல் குலம். இரு குலத்தாரும் ஒருவரையொருவர் கூசாமல் கேலி செய்யலாம். ஒரு குலத்தில் சாவு விழுந்தால், குழி வெட்டிப் புதைக்க வேண்டியது மறு குலம்.

"ஆனை மேஞ்சாலும் புல்லு முளைச்சுடும். ஆனை செத்தா ஊரே நாறும், மச்சான்."

கஃபுலா சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான் பின்னால் அந்த ஒலி எழுந்தது. தகரக் கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்ல உரசும் ஒலி.

முன்பெல்லாம் வரிசையின் கடைசியில் தேநீர்க் கூடையைச் சுமந்து வந்தவன் யோத்தாமுவின் தம்பி; திசாவுக்கே என்று பெயர். போன பருவத்தில், தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் அவனை முதலை இழுத்துக்கொண்டதாகக் கஃபுலாதான் வந்து சொன்னார். உடலில்லாத சாவுக்குச் சடங்கில்லை. தாய் இன்றும் அவன் பங்குச் சோளக் களியை மூடி வைக்கிறாள். ஓர் எலும்பாவது கிடைத்தால் அவளை அழவிட்டு ஆற்றிவிடலாம் என்பதே யோத்தாமுவின் ஒரே வேண்டுதல்.

அவர் திரும்பிப் பார்த்தார். புல் மட்டும், யாரோ விலக்கி வருவதுபோலப் பிரிந்து பிரிந்து மூடியது.

நாளைய தேநீரை, அடி பெருத்துப் பொந்து விழுந்த பெரிய பாவோபாப் மரத்தடியில் வைத்துக்கொள்ளலாமென்று யோத்தாமு திட்டமிட்டிருந்தார். அங்கே தேனீ, அங்கே பாம்பு என்று கஃபுலா ஒவ்வொரு முறையும் மறித்திருந்தார். இப்போது கஃபுலாவின் கால்கள் அங்கேயே சென்றன. மனமில்லாமல். பின்னாலிருந்து தள்ளப்படுவதுபோல.

ஒலி நெருங்கியது. யோத்தாமுவின் பிடரியில் மூச்சுப் பட்டது. ஈர மூச்சு.

மரம் வந்தது. ஒலி நின்றது.

"உனக்குக் கேக்குதா, மச்சான்?" என்றார் யோத்தாமு.

"தினமும் கேக்குது." கஃபுலா மரப்பொந்தையே பார்த்தார். "கோப்பைச் சத்தம் மிருகத்தை விரட்டுது, கோப்பைக்குப் புல்லைச் சுத்தி அடக்குடான்னு உன் தம்பிகிட்ட நான்தான் சொன்னேன். அன்னிக்கு அடக்கிட்டான். புளியங்காய் பறிக்க ஒதுங்கியிருக்கான். சத்தமே இல்லாம புல்லு ஆடுச்சு. எருமைன்னு சுட்டேன். உடம்பை இந்தப் பொந்துக்குள்ள ஒளிச்சுட்டு, முதலைன்னு சொல்லிட்டேன்."

தாயின் அடுப்படியில் உட்கார்ந்து திசாவுக்கேக்காக அழுதவர் இவர். அவள் கையால் பிசைந்த களியை வாங்கித் தின்றவர். யோத்தாமுவுக்குப் பயம் ஒரு கணம் அற்றுப்போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று வந்து கனத்தது.

"புதைக்க வேண்டியவன் நீதானேடா."

கஃபுலா துப்பாக்கியைக் கீழே வைத்தார். கத்தியாலும் நகத்தாலும் மண்ணைத் தோண்டினார். விரல்கள் கிழிந்தும் நிறுத்தவில்லை. பொந்துக்குள் புகுந்து, எலும்புகளைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி வந்து குழியில் கிடத்தினார். பிறகு தானும் இறங்கினார்.

குழியருகே கேலி பேசி வழியனுப்புவதும் மறு குலத்தின் கடமை. கஃபுலா அதையும் செய்தார்.

"இருக்கிற இடமெல்லாம் உனக்கேவாடா, புல்லுப் பயலே? கொஞ்சம் தள்ளிப் படு."

எலும்புகள் தள்ளிப் படுத்தன.

யோத்தாமு குழியை விட்டுப் பின்வாங்கினார். கஃபுலா அந்த இடைவெளியில் மல்லாந்து படுத்துக் கண்களை மூடினார். கைகளைக் கூப்பி மார்பின்மேல் வைத்துக்கொண்டார். கரையில் குவிந்திருந்த மண், இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத கைகளால் பிடிபிடியாக அள்ளப்பட்டு, அவர் முகத்தின்மேல் நிதானமாக விழத் தொடங்கியது.