ராத்ரியின் ஜாரிக்

வெனிங் கஞ்சிக் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்தபோது நான்கு கிளைடர்களும் விழித்துத்தான் இருந்தன. ஆனால் ஒன்றுகூடக் கிண்ணத்தின் பக்கம் திரும்பவில்லை. நான்கும் இடதுபக்கக் கம்பியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, வெளியே கிடந்த பிரம்பு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தன. நாற்காலியில் யாரும் இல்லை.

மழைக்காலத்தில் மாலாங் ஊரில் மக்ரிப் என்கிற அந்தித் தொழுகைக்கான பாங்கு கேட்பதற்கு முன்பே வீட்டுக்குள் இருட்டு வந்து உட்கார்ந்துவிடும். ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர், சந்தில் யாரோ பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிற குரல், பப்பாளித் துண்டின் புளித்த வாசம், ஈரச் சுவரின் வாசம், இவற்றுக்கெல்லாம் அடியில் மெல்லிசாக ஒரு கற்பூர வாசம். வீட்டில் கற்பூரம் கிடையாது. வெனிங் இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு, எங்கேயாவது அலமாரியில் கிடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறென்ன சொல்லிக்கொள்வாள், பாவம்.

இந்த சுகர் கிளைடர் பைத்தியம் அவளுடையதே இல்லை, அக்கா ராத்ரியுடையது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பிராணிகள். முகத்துக்கு மிஞ்சிய கண்கள். தாவினால் கைகால்களுக்கு நடுவிலிருக்கிற தோல் விரிந்து காற்றில் மிதந்து வரும். பகலெல்லாம் தூங்கும், பொழுது சாய்ந்தால் எழும். அந்த நேரத்துக்குச் சரியாக ராத்ரி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மார்பைத் தட்டுவாள். நான்கும் கூண்டின் உச்சியிலிருந்து தாவி அவள் தோளில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"ஏன்டி, உன் வீட்டுக்காரர் கூப்பிட்டா இப்படி ஓடி வருவாரா?" என்று தங்கையைச் சீண்டுவாள்.

"அவர் லாரி ஓட்டுறவரு. ஓடித்தான் போவாரு, வரமாட்டாரு" என்பாள் வெனிங்.

அந்த ராத்ரி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையைக் கண்ணால் பார்த்தாள், கையில் வாங்கவில்லை. "குடுடி, ஒரே ஒரு தடவ தூக்கிக்கிறேன்" என்று கேட்டதுதான் கடைசிப் பேச்சு. வெனிங் பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளையின் அப்பன் வேலைக்கென்று கடல் தாண்டிப் போனவன், போனவன்தான். கல்யாணமாகி ஏழு வருடம் வயிறு திறக்காத வெனிங்கின் மடிக்கு பான்யு வந்து சேர்ந்தான். அக்காவை நினைத்து அழுதாள், உண்மைதான். அந்த அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதுவும் உண்மை. அந்தச் சந்தோஷத்தை யாரோ பார்த்துவிட்டார்கள், வந்து பிள்ளையைக் கேட்பார்கள் என்று அன்றிலிருந்து ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அவள் செய்த காரியமும் அப்படி. ஜாரிக் என்கிற நீளமான பாத்திக் துணியில்தான் அங்கே பிள்ளையைத் தோளோடு கட்டித் தூக்குவார்கள். ஆள் போய்விட்டால் மூடுவதும் அதே துணியால்தான். சவத்தை மூடிய ஜாரிக்கை, சவத்தைக் கற்பூரத் தண்ணீரில் குளிப்பாட்டிய பெண்ணிடமே கொடுத்து அனுப்பிவிடுவது அந்தச் சந்தின் வழக்கம். வெனிங் அதே போல வேறொரு துணியைக் கொடுத்துவிட்டு, அக்காவை மூடியதைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். அக்காவின் வாசனை அதில்தான் மிச்சம் இருந்தது. ராப்பகலாக வீறிட்ட பான்யு, அந்தத் துணியில் தூக்கியதும் கப்பென்று அடங்கினான். அதன் பிறகு அதை விட அவளுக்கு மனசு வரவில்லை.

கிளைடர்கள் மட்டும் அவளை அண்டவிடவில்லை. கை நீட்டினால் கரகரவென்று கத்தும், கடிக்கும். முதல் ஜோடியை ராத்ரிக்கு விற்ற ஜார்வோ அண்ணன்தான் போன வாரம் வழி சொன்னார்: "உன் மேல கிடந்த துணியத் துவைக்காம, அதுங்க தூங்குற பையா தைச்சுப் போடு தங்கச்சி. அந்த வாசனையிலேயே தூங்கித் தூங்கி, அந்த வாசனைக்காரிதான் ஆத்தான்னு நம்பிடும்."

நாள் முழுக்க மேலே கிடக்கிற துணி எது? ஜாரிக். இத்தனை நாளில் என் வாசனைதான் ஏறியிருக்கும் என்று வெனிங் கணக்குப் போட்டாள். ஒரு மூலையைக் கத்தரித்துப் பை தைத்துக் கூண்டில் தொங்கவிட்டாள்.

இன்று புழு கொடுக்க வந்த ஜார்வோ கூண்டைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லாப் பழகிடுச்சே."

"எங்கண்ணே? என்னைப் பாத்தா இன்னமும் கடிக்குதுங்க."

"அப்புறம் யார்கிட்ட பழகுச்சு? இந்தக் குறுகுறு சத்தம் கேக்குதா? ஆத்தாளப் பாத்தாத்தான் இப்படி முனகும்."

வெனிங் நாற்காலியைப் பார்த்தாள். "நேத்து கூண்டத் திறந்தப்ப அந்தப் பக்கமாத் தாவுச்சுங்கண்ணே. ஆனா நாற்காலில விழுந்த சத்தம் கேக்கல."

ஜார்வோ சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "வெறும் காத்துல கிளைடர் தாவாது தங்கச்சி. தாங்கிக்க ஆள் இருந்தாத்தான் தாவும்." புழு டப்பாவை வைத்துவிட்டு, பாங்குக்கு முன்னால் வீடு போகவேண்டும் என்று எழுந்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், வாசல் கதவையும் சாத்தாமல் போனார்.

அவர் போனதும் வெனிங் கூண்டின் பக்கம் வந்தாள். யாரிடம் பழகின என்பது அவளுக்குத் தெரியும். அந்த வாசனையிலேயே தன் பிள்ளையும் தூங்கித் தூங்கி எழுந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். இருந்தாலும் வாலையாவது பிடிக்கவேண்டுமே.

கூண்டைத் திறந்து பையைப் பிய்த்தெடுத்தாள். நான்கும் மாறி மாறிக் கடித்தன, விரலில் ரத்தம். பாயில் கிடந்த பான்யுவிடமிருந்து ஜாரிக்கை உருவினாள். அவன் வீல் என்று அலறினான். பாங்கு ஒலித்தது. பாதியில் மின்சாரம் போய், அதுவும் அறுந்தது.

முதலில் பையை எரிக்கவேண்டும். ஜாரிக்கைக் கைக்கு அகப்பட்ட இடத்தில் வீசிவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். அடுப்பு பற்ற நேரமானது. துணி எரியாமல் புகைந்தது. புகையில் கற்பூர வாசம். இருமினாள். பிள்ளை அழுதுகொண்டே இருந்தான். அழுகிறவரைக்கும் பயமில்லை என்று அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. கைக்கு அகப்பட்ட இடம் எது? பிரம்பு நாற்காலி.

கூண்டுக் கதவையும் மூடவில்லை.

கூடத்தில் பிரம்பு ஒருமுறை முனகியது. உட்கார்ந்திருந்தவர் எழும்போது முனகுமே, அப்படி.

பிறகு மெத்தென்று ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று.

பான்யுவின் அழுகை கப்பென்று அடங்கியது.

வெனிங் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வந்தாள். பாய் காலி. நாற்காலி காலி. கூண்டு காலி.

ஜன்னலோரம் வெளிச்சம் பட்டது.

ஜாரிக் நின்றது. தரையில் இல்லை. தோள் உயரத்தில் முடிச்சுப் போட்டு, குறுக்கே இறங்கி, இடுப்பு உயரத்தில் கனமாகத் தொங்கியது. கத்தரித்த மூலை கீழே ஆடியது. துணிக்கு வெளியே ஒரு சின்னப் பாதம். மூன்று கிளைடர்கள் முடிச்சுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான்காவது இன்னும் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத கூந்தலை இரண்டு கைகளாலும் கோதிக்கொண்டிருந்தது. துணி மெதுவாக ஆடியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். பிள்ளையைத் தூங்கவைக்கிற ஆட்டம்.

"அக்கா." வெனிங் கைகளை நீட்டினாள். "குடுக்கா. ஒரே ஒரு தடவ..."

ஆட்டம் நின்றது.

நான்கு கிளைடர்களும் அவளைத் திரும்பிப் பார்த்தன. கரகரவென்று கத்தின, அந்நிய ஆளைக் கண்டதுபோல. ஜாரிக் மெல்லத் திரும்பியது, பிறர் கை படாமல் பிள்ளையை மறைக்கிற தாயின் தோள்போல, சின்னப் பாதத்தை அந்தப் பக்கமாக மறைத்துக்கொண்டு, திறந்திருந்த வாசலைப் பார்க்கத் திரும்பியது.